நல்ல தண்ணீரில் கழுவிய நத்தை

சுமலதாவுக்குக் கூவி விற்க வராது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற அவள் குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு மீன் கொண்டு போகும் மற்ற பெண்கள் தெருமுனையில் கால் வைக்கும்போதே குரல் கொடுத்துவிடுவார்கள். அவள் வாடிக்கை வீட்டுக் கேட்டின் முன்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். கோலம் போடவோ குப்பை கொட்டவோ யாராவது வெளியே வந்து அவளைப் பார்த்தால்தான் வியாபாரம் தொடங்கும். "வந்தா ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா? எவ்ளோ நேரமா நிக்கிற?" என்பார்கள். கால் மரத்துப் போயிருந்தாலும், "இப்பத்தாம்மா வந்தேன்" என்பாள்.

ஏழாவது முடித்த கோடையில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப் போக, கூடை இவள் தலைக்கு வந்தது. பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டும் யாரும் வரவில்லை. அதற்காக அவள் பெரிதாக அழவும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முன்னால் இருக்கிறவர்களின் பின்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது கேட்டுக்கு வெளியே நின்று வீடுகளைப் பார்த்தாள். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எந்த வீட்டுக்காரர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார், யார் வீட்டு நாய் செத்துப் போயிற்று என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகாத நாளில் ஒருமுறை, புதிதாகக் குடிவந்திருந்த ஓர் அம்மாள் அவளைக் கூப்பிட்டுக் கூடையைத் திறக்கச் சொன்னாள். அன்று காலை பிடித்த மடவை மீன், துள்ளல் அடங்கி நேரமாகவில்லை. அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். பார்த்த வேகத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "மீன் நாத்தம் இல்ல இது. சேத்து நாத்தம். மீன்மேல வருதா, உன்மேல வருதா?" என்று கேட்டாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இருவர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். சுமலதா கூடையை மூடித் தூக்கிக்கொண்டு, அந்தத் தெருவிலேயே யாருக்கும் விற்காமல், திரும்பி வந்துவிட்டாள்.

அன்று பிடித்துக்கொண்டது அந்தப் பழக்கம். பொன்னேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடிநீர்க் குழாய்க்குப் போவாள். மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, செவுளைத் தூக்கி, வயிற்றைத் தடவி, சேறு போகக் கழுவுவாள். கூடையைக் கழுவுவாள். கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு, முகர்ந்து பார்த்த பிறகுதான் தெருவுக்குள் நுழைவாள். குப்பத்தில் இதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. அங்கே நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது. குடத்தை வரிசையில் வைத்துச் சண்டை போட்டுத்தான் பிடிக்க வேண்டும். குடிக்கவும் சோறாக்கவும் தவிர அதைத் தொடமாட்டார்கள். ஆனால் சாமிக்குப் படைக்கிற பொருளையும், வெளியாள் கைக்குக் கொடுக்கிற பொருளையும் மட்டும் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசித்தான் கொடுப்பார்கள். பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்கிற பானையும், சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற இறாலும் அப்படித்தான். ஏரித் தண்ணீரோடு எதையும் ஒருவர் கையில் கொடுப்பது மரியாதை இல்லை.

போன பங்குனியில் அவளுக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. கொண்டு வந்தவன் ஜெகன், அவள் கணவன் சசிகுமாரின் தம்பி. சசிகுமார் மீன்பிடியை விட்டுவிட்டு கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவன். ஜெகன்தான் குடும்பத்தின் ஃபைபர் படகை வைத்து ஓட்டுகிறான். சென்னையிலுள்ள ஒரு கல்லூரியிலிருந்து ஏரிக்கு அடியில் இருக்கிற கடற்புல்லைக் கணக்கெடுக்க வந்து அவன் படகைப் பேசியிருந்தார்கள். சேற்றில் நடக்கத் தெரிந்த இரண்டு பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள். ஜெகன் தன் அண்ணியையும், மட்டி பொறுக்குவதில் கெட்டிக்காரியான குப்பம்மாளையும் சொன்னான்.

"பாசிய எண்றதுக்கா படிச்ச பொண்ணு வந்து கீது?" என்றாள் குப்பம்மாள் முதல் நாள். குப்பத்தில் கடற்புல்லுக்கும் பாசி என்றுதான் பேர். "எங்களாண்ட சொல்லியிருந்தா வண்டி வண்டியா அள்ளிக் குடுத்திருப்போமே."

"எண்ணணும்மா, அள்ளக் கூடாது" என்று சிரித்தாள் அந்தப் பெண். பேர் தேவதர்ஷினி. ஆராய்ச்சி மாணவி. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி, பஸ் மாறி, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவாள். பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டம் ஒன்றைத் தண்ணீருக்கு அடியில் அமிழ்த்தி, அதற்குள் வருகிற புல்லையும் உயிர்களையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. சுமலதாவுக்கு அது பிடித்திருந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை. குனிந்து, விரல்களால் புல்லை வகிர்ந்து, என்ன இருக்கிறதோ அதைச் சொன்னால் போதும். இன்னொன்றும் பிடித்திருந்தது. பொன்னேரியில் அவள் மீன்காரம்மா, குப்பத்தில் சசிகுமார் பொண்டாட்டி. தேவதர்ஷினி அவளை "சுமலதா அக்கா" என்று முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் சுமலதா வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்வாள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தேவதர்ஷினி தினமும் சொன்னாள். "தெரியாதது எதையாவது பார்த்தீங்கன்னா, ஏரித் தண்ணியோட அள்ளி இந்த வாளியில போட்டு மூடி வைங்க. வேற எதுவும் பண்ணாதீங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

அந்த நத்தை கிடைத்த அன்று தேவதர்ஷினி படகில் இல்லை. கரையில் உட்கார்ந்து, முந்தின நாள் எடுத்த புல்லை எடை போட்டுக்கொண்டிருந்தாள். மீதி ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருமாறு மற்ற மூவரையும் அனுப்பியிருந்தாள். ஏரியில் தண்ணீர் வற்றி உப்பு கரித்துக்கொண்டிருந்த நேரம். ஜெகன் படகை நிறுத்திவிட்டுத் தார்ப்பாய் நிழலில் சாய்ந்தான். குப்பம்மாள், "கொழம்புக்கு நாலு மட்டி பாத்துக்கினு வந்துர்றேன்" என்று திட்டுப் பக்கம் நடந்தாள்.

சட்டத்துக்குள் கை விட்ட சுமலதாவின் விரலில் வழவழவென்று ஏதோ பட்டது. இரண்டு கைகளாலும் சேற்றோடும் புல்லோடும் சேர்த்துத் தூக்கினாள். ஒரு குழந்தையின் மூடிய கை அளவு இருக்கும். சேறு அப்பிய கட்டி. மெல்ல அசைந்தது.

"இன்னாடி அது, கடலட்டையா?" என்று தூரத்திலிருந்து கத்தினாள் குப்பம்மாள். "அட்டைன்னா வுட்டுடு! அத்தப் புடிச்சா ஃபாரஸ்ட்காரன் கேசு போட்ருவான்."

"அட்டை இல்லக்கா. கொம்பு கீது."

"கொம்பா? பாத்து, முட்டிடப் போவுது!"

சுமலதா படகில் ஏறி, ஏரித் தண்ணீர் இருந்த வாளியில் அதை விட்டாள். சேறு கரைந்து வாளி கறுத்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கரையில் தேவதர்ஷினி இந்த வாளியைத் திறப்பாள், குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டு போவாள் என்று நினைத்தபோது, சுமலதாவுக்கு மூக்கைப் பொத்திய அந்த முந்தானை ஞாபகத்துக்கு வந்தது. தான் முதன்முதலாக எடுத்துக் கொடுக்கிற பொருள். இப்படியா கொடுப்பது? படகில் புல் அலசுகிற வெள்ளைப் பேசன் இருந்தது. குடிப்பதற்காகக் கொண்டுவந்த கேன் தண்ணீரும் இருந்தது. தேவதர்ஷினி சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. கழுவுவதும் அந்த 'வேற எதுவும்' என்பதில் சேரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நத்தையைப் பேசனில் வைத்துக் கேன் தண்ணீரை மெல்லச் சாய்த்தாள். சேறு வழிந்து போனது. அடியிலிருந்து வந்ததைப் பார்த்து அவள் கை நின்றது. ஓடு இல்லை. உடம்பு முழுக்கக் கிழிந்த துணியின் ஓரம் போலப் பிசிறு பிசிறாகத் தொங்கியது. ஒவ்வொரு பிசிறும் கிளை விட்டிருந்தது. ஈர மணலின் நிறத்தில் ஒரு பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டுகள். சிம்மில் வைத்த கேஸ் அடுப்பின் நீலம். தலையில் இரண்டு கொம்புகள், நுனி சுருட்டிய வெற்றிலை போல. பிறந்ததிலிருந்து இந்த ஏரியில் கால் வைத்திருக்கிறாள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் அதன் உடம்பிலிருந்து ஊதா நிறம் ஒழுகத் தொடங்கியது. பேசன் முழுக்கப் பரவியது. புதுச் சேலையை முதன்முதலாக நனைத்தால் வருமே, அப்படி. ஏதோ சாயம் பட்டிருக்கிறது என்று நினைத்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். மறுபடியும் ஊதா. மறுபடியும் கொட்டி ஊற்றினாள். சாயம் போகிற துணியைத் தண்ணீர் தெளிகிற வரை அலசத்தானே வேண்டும்? கடைசியில் தண்ணீர் தெளிந்தது. நத்தை சுருண்டிருந்தது. பிசிறுகள் உடம்புக்குள் போய்விட்டன. நீலப் பொட்டுகளைத் தேடினாள், காணவில்லை. தொட்டுப் பார்த்தபோது விரலில் கோழை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

அவசரமாக அதைத் திரும்ப வாளியில் போட்டு மூடினாள். பேசனைக் கழுவிக் கவிழ்த்தாள். மறைப்பதற்காகக் கவிழ்க்கவில்லை, கழுவிய பாத்திரத்தைக் கவிழ்ப்பது கைப்பழக்கம். ஆனால் ஜெகன் எழுந்து வந்து, "எதுனா கெடச்சுதா அண்ணி?" என்று கேட்டபோது, "வாளியில கீது" என்பதோடு அவள் நிறுத்திக்கொண்டாள். அவன் சட்டத்தை வைக்க இடம் வேண்டி வாளியை எஞ்சின் பக்கம் நகர்த்தி, மேலே ஈரச் சாக்கைப் போட்டான்.

கரையில் தேவதர்ஷினி ஆசையாக ஓடி வந்து மூடியைத் திறந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். கையுறை போட்டுக்கொண்டு அதை எடுத்தபோது அது விரல்களுக்கு நடுவே வழிந்தது.

"உயிர் இல்லையே" என்றாள். "எங்க வச்சிருந்தீங்க?"

ஜெகன் வாளியையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தான். "எஞ்சினாண்ட வச்சிட்டேன் மேடம். சூடு ஏறிடுச்சு போலகீது. என் தப்புதான்."

அவன் நிஜமாகவே அப்படி நம்பினான். சுமலதா அவன் முகத்தைப் பார்த்தாள். "மேடம்" என்றாள். தேவதர்ஷினி திரும்பினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டாள் சுமலதா.

தேவதர்ஷினி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போனில் தன் பெரிய சாரைக் கூப்பிட்டாள். அவர் பேசியது வெளியே கேட்டது. இந்த ஏரியில் ஓடில்லாத இப்படி ஒரு நத்தையைப் பற்றித் தான் இதுவரை கேள்விப்பட்டதில்லை, அதைப் போய் இப்படிப் பாழ் பண்ணிவிட்டார்களே என்றார். அடுத்த முறை வேறு படகு பேசச் சொன்னார். ஜெகன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

மறுநாளே குப்பத்தில் அவனுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். ஆரம்பித்து வைத்தவள் குப்பம்மாள். "இன்னா ஜெகனு, இன்னிக்கி நாஷ்டாவுக்கு இன்னா, நத்தை வேவச்சியா?" வலை இழுக்கும் இடத்தில் ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். "வேவச்ச ஜெகன் வரான், எட்டிப் போங்கடா, சூடு!" முதலில் அவனும் சேர்ந்து சிரித்தான். "போதும் நைனா, பேஜார் பண்ணாத" என்றான். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, அவர்கள் இல்லாத பக்கமாகப் படகை விட்டான். சசிகுமாரும் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "ஒரு வாளிய நெழல்ல வைக்கத் தெரில அவனுக்கு. நல்ல வேலைய கெடுத்துக்கினான்" என்றான். சுமலதா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். "அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்" என்றாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. வந்திருந்தால் அந்தத் தட்டுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

தண்ணீர் லாரி வந்த ஒருநாள் நடந்ததுதான் அவளை மிகவும் அரித்தது. குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். குப்பம்மாள் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சாக்கை மூடி, ஜெகன் மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வேவறதுக்கு இன்னும் டைம் ஆவும் மேடம்" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. சுமலதாவும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான், ஆனாலும் சிரித்தாள். சிரிக்காமல் நின்றால் யாராவது தன்னைப் பார்ப்பார்களோ என்று ஒரு பயம். நிமிர்ந்தபோது ஜெகன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பொன்னேரிக் குழாயடியில் மீன் கழுவும்போதெல்லாம் ஒரே மீனைத் திரும்பத் திரும்ப அலசினாள். எத்தனை கழுவினாலும் தண்ணீர் ஊதாவாக வருவது போல இருந்தது.

தேவதர்ஷினி திரும்பி வந்தது சித்திரை பிறந்த பிறகு. அன்று அவள் படகில் ஏறவில்லை. வலை போட்டு வைக்கிற கொட்டகையில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. சாராயம் போல ஏதோ ஒரு திரவத்தில் வெளுத்த சதைத் துண்டு மிதந்தது. இன்னொரு கையில் படங்கள் காட்டுகிற டேப்லெட்.

"இது பாதி கரைஞ்சு போச்சு. எங்க சாராலயும் இன்னதுன்னு சொல்ல முடியல" என்றாள். "ஓடு இல்லாத நத்தை வகை. இதுல ஒரு கூட்டத்துக்குக் கடல் முயல்னு பேரு."

"முயலா? எங்க, காதக் காணோம்?" என்றாள் குப்பம்மாள்.

"கொம்புதான் காது மாதிரி இருக்கும். இப்ப ரெண்டுல எதுன்னு சந்தேகம். ஒண்ணு பயந்தா ஊதாவா மை விடும். இன்னொண்ணு விடாது. ஜெகன் அண்ணா, நீங்க சொல்லுங்க. வாளித் தண்ணி ஊதாவா மாறிச்சா?"

கொட்டகை வாசலில் தள்ளி உட்கார்ந்திருந்த ஜெகன், "இல்ல மேடம்" என்றான்.

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"தெனம் அத்தச் சொல்லித்தான கிண்டல் பண்ணிக்கினு கீறாங்க, மறக்குமா? தண்ணி சேறா இருந்துச்சு. ஊதா கீதா ஒண்ணும் இல்ல."

"அப்ப மை விடாததுதான்" என்றாள் தேவதர்ஷினி. படத்தை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினாள். "இதுவாத்தான் இருக்கும். இதையே எழுதிடுறேன்."

சுமலதா கம்பத்தோரம் வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே படம் தெரிந்தது. இலை மாதிரி வழுவழுவென்று ஒரு பிராணி. பிசிறு இல்லை, நீலம் இல்லை. அது இல்லை. அது இல்லை என்பது இந்தக் கொட்டகையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பேசாமல் இருந்தால் தேவதர்ஷினி எழுதிக்கொண்டு போய்விடுவாள். தப்பான பேர் எழுதப்படும், ஜெகன் வேவச்ச ஜெகனாகவே இருப்பான், தன்னை யாரும் கேட்கப் போவதில்லை. பேசினால், எங்கே பார்த்தாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் வாய் திறந்தாள்.

"அது இல்ல" என்றாள்.

பக்கத்தில் இருந்த குப்பம்மாளுக்கு மட்டும்தான் கேட்டது. "இன்னாடி?"

"அது இல்லக்கா."

"மேடம்! இவ அது இல்லன்றா!"

தேவதர்ஷினி எழுந்து வலைகளைத் தாண்டிக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க பார்த்தீங்களா? எப்படி இருந்துச்சு, சொல்லுங்க!"

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சுமலதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கிழிந்த துணி மாதிரிப் பிசிறு. ஈர மணல் பச்சை. நீலப் பொட்டு, அடுப்பு நீலம். கொம்பு, சுருட்டிய வெற்றிலை. தேவதர்ஷினி டேப்லெட்டில் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். சுமலதா படத்தின் மேல் குனிந்தாள். அதேதான். பேசனில் இருந்த மாதிரியே, உயிரோடு.

"இதான்."

"இது நிச்சயமா மை விடணுமே. விட்டுச்சா?"

"வுட்டுச்சு. நெறய."

"அண்ணா இல்லன்றாரே. அந்தக் கலங்கல் தண்ணியில இவ்ளோ தெளிவா எப்படிப் பார்த்தீங்க?"

சுமலதா தன் இரு கைகளையும் மடியில் சேர்த்து மூடிக்கொண்டாள். "வாளியில இல்ல. பேசன்ல. நல்ல தண்ணியில கழுவினேன். சாயம்னு நெனச்சி, தெளியிற வரைக்கும் ஊத்தினேன்."

வாசலில் ஜெகன் தலையைத் தூக்கினான்.

"ஐயய்யோ!" என்று முதலில் வாய் திறந்தவள் குப்பம்மாள்தான். "நத்தைக்குத் தலைக்கு ஊத்தினியாடி? சாம்பிராணி போட்டியா?" கொட்டகை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருவன், "சீக்கா தேச்சாங்களா கேளு!" என்றான்.

தேவதர்ஷினி சிரிக்கவில்லை. அவள் முகத்திலிருந்த சந்தோஷம் போய்விட்டிருந்தது. "நான் சொன்னேனே அக்கா. ஏரித் தண்ணியோட வைக்கணும்னு."

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன்?"

"சேறா இருந்துச்சு. நீங்க குனிஞ்சு பாப்பீங்களேன்னு..."

"சேறாத்தான் இருக்கணும். அது உப்புத் தண்ணியில வாழுறது. நல்ல தண்ணி அதுக்கு விஷம் மாதிரி. உள்ள இருக்கிற மையெல்லாம் பயத்துல வெளிய விட்டிருக்கு." கோபமில்லாமல், வகுப்பில் பாடம் சொல்வது போலச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சுமலதாவுக்கு. அதன் பயத்தைத்தான் அவள் தெளிகிற வரை அலசியிருக்கிறாள்.

பிறகு தேவதர்ஷினி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். உடம்பு கரைந்துவிட்டதால் இது முழுச் சாட்சி ஆகாது, ஆனாலும் நேரில் பார்த்தவர் சொன்னது என்று குறிப்பில் வரும், எப்படிச் செத்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்றாள். "உங்க பேரைப் போடணும்."

"பேரு வோணாம்மா."

"யார் பார்த்ததுன்னு இல்லன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

"எழுதட்டுமே!" என்றாள் குப்பம்மாள். "உன் பேரு மெட்ராசு வரைக்கும் போவும். நத்தையக் குளிப்பாட்டினவ!"

"சுமலதா" என்றாள் அவள். "சசிகுமார் சம்சாரம்."

"சுமலதா போதும்" என்று எழுதிக்கொண்டாள் தேவதர்ஷினி.

சுமலதா தலை நிமிர்ந்தபோது வாசலில் ஜெகன் இல்லை.

அதன்பின் சில நாள் அவன் அண்ணன் வீட்டுப் பக்கமே வரவில்லை. சசிகுமார் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "நீயா?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் கை கழுவிக்கொண்டு எழுந்தான். லாரித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் குடத்தை வைக்கும்போது, "குடிக்கவா, நத்தையக் குளிப்பாட்டவா?" என்று கேட்டுப் பெண்கள் வழிவிட்டார்கள். அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். இது தனக்கு வர வேண்டியதுதான் என்று அதில் ஓர் ஆறுதல் கூட இருந்தது. ஜெகனை நினைக்கும்போது அந்த ஆறுதலும் நிற்கவில்லை.

ஒரு காலையில் அவன் வந்து வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

"மேடம் போன் பண்ணாங்க. பெரிய சாராண்ட சொல்லிட்டாங்களாம். படகு நம்மளதேதானாம்."

"சரிங்க தம்பி."

"உங்களயும் வரச் சொல்றாங்க."

"நான் வரல. வேற யாரையாவது இட்டுக்கினு போங்க."

"வேற யார இட்டுக்கினு போறது? இன்னொண்ணு தேடணுமாம். அத்த உசுரோட பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

கடற்புல் இருக்கிற இடத்தை நெருங்கியதும் தேவதர்ஷினியும் குப்பம்மாளும் முதலில் இறங்கி ஒரு பக்கமாக நடந்தார்கள். ஜெகன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கழியை ஊன்றிப் படகை இன்னும் கொஞ்சம் தள்ளினான். எஞ்சின் சத்தம் நின்றதும் தண்ணீர் படகில் தட்டுகிறது மட்டும் கேட்டது. அவன் அவளைப் பார்க்காமல் பேசினான்.

"கழுவினது பெரிசில்ல அண்ணி. என் கையில கெடச்சிருந்தா நானும் அப்பிடித்தான் பண்ணியிருப்பேன். சொல்லாதது கூடப் போவட்டும், பயம். தண்ணி லாரியாண்ட எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க. நீங்களும் சிரிச்சீங்க. நான் பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள், அதனால் சிரித்தேன் என்ற வார்த்தை அவள் வாய் வரை வந்தது. வாயை மூடத்தான் கையை வைத்தேன் என்றும் சொல்லலாம். எதிரே அவன் கை கழியைப் பிடித்திருந்த இடத்தில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"ஆமா" என்றாள். "சிரிச்சேன்."

அவன் கழியை இன்னும் ஆழமாக ஊன்றிப் படகு ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

"எறங்குங்க" என்றான். "இடுப்பு வரைக்கும்தான் ஆழம்."

அவள் இறங்கினாள். சேறு கணுக்காலை இழுத்தது. அவன் நீட்டிய சட்டத்தை வாங்கிக்கொண்டு, முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்தபடி, புல்லை வகிர்ந்து தேடத் தொடங்கினாள். அன்று பொழுது சாயும் வரை தேடியும் அது கிடைக்கவில்லை.